டீசல் இல்லை என்று சொன்னவர்

கனகசிங்கத்துக்குப் பேச்சு வருவதற்கு முன்பே கை வந்துவிடும். புளியடிவயலில் அவரைத் தெரிந்த எவரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்லுவார்கள். ஐந்தாம் வகுப்பில் வாத்தியாரின் பிரம்பைப் பறித்து வாத்தியாருக்கே அடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டவர். அதன் பிறகு அவருக்கு வயல்தான் எல்லாம்.

புளியடிவயல், யாழ்ப்பாணத்துக்கு மேற்கே இருக்கிற தீவுகளில் ஒன்றில் ஒரு மூலை. மழையை நம்பி வருடத்துக்கு ஒரு போகம். அங்கே கனகசிங்கத்தின் ஏழு பரப்பு நிலத்துக்குப் பக்கத்தில் அருள்நாயகத்தின் ஆறு பரப்பு. நடுவில் ஒரு வரம்பு. ஒவ்வொரு வருடமும் அந்த வரம்பு தன் பக்கம் ஒரு சாண் நகருகிறது என்று கனகசிங்கம் சொன்னார். இல்லை, உன் பக்கத்திலிருந்துதான் நகருகிறது என்று அருள்நாயகம் சொன்னார். எழுபத்தொன்பதாம் ஆண்டு ஆவணியில் ஒருநாள் காலை, வாய்ப்பேச்சு முடியவில்லை, மண்வெட்டி இறங்கிவிட்டது. அருள்நாயகத்தின் இடது முழங்காலுக்குக் கீழே நரம்பு அறுந்து, வெள்ளை எலும்பு தெரிந்தது. வரம்பு முழுக்க இரத்தம். கனகசிங்கம் ஓடவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பொலிஸ் வரும்வரை அங்கேயே நின்றார்.

மூன்று வருடம் சிறையில் மறியல். வெளியே வந்தபோது அருள்நாயகம் கால் மடங்கியபடியே நடந்துகொண்டிருந்தார். கலப்பைக்குப் பின்னால் நடக்கிற கால் அல்ல அது.

மறியலால் வந்த கனகசிங்கம் மனைவி தவமணியின் நகையை விற்று ஒரு பழைய லான்மாஸ்ரர் வாங்கினார். இரண்டு சில்லு, நீண்ட கைபிடி, பின்னால் மண்ணைப் புரட்டுகிற இரும்புப் பற்கள். ஊருக்கு வந்த முதல் உழவு மிசின் அதுதான். புரட்டாதி பிறந்தால் ஊர் முழுக்க அவர் வாசலில் நிற்கும். எந்தத் துண்டில் கல் கிடக்கிறது, எங்கே சில்லுப் புதையும், எந்த மூலையில் தூர்ந்த கிணறு இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு உள்ளங்கால் வழியாகத் தெரியும். ஊரிலுள்ள எல்லாத் துண்டையும் உழுதார். ஒன்றைத் தவிர.

எண்பத்தாறில் மழை முந்தி வரும் போலிருந்தது. ஒருநாள் காலை அருள்நாயகத்தின் மனைவி றீற்றா அவர் வாசலுக்கு வந்தாள். மிசின் ஸ்ரார்ட் பண்ணியபடி முற்றத்தில் நின்று அதிர்ந்துகொண்டிருந்தது.

"எங்கட துண்டையும் ஒருக்கா உழுது விடுங்கோ. மழை துவங்கினா எங்களால ஏலாது."

கனகசிங்கம் அவளைப் பார்க்கவில்லை. "டீசல் இல்லை," என்றார்.

ஓடிக்கொண்டிருந்த மிசினை றீற்றா ஒருதரம் பார்த்தாள். பிறகு திரும்பிப் போனாள். அன்றைக்கு மத்தியானம் அவளும் இரண்டு பெண்பிள்ளைகளும் மண்வெட்டியால் ஆறு பரப்பையும் கொத்தத் தொடங்கினார்கள். நாலு நாள் கொத்தினார்கள். அந்த நாலு நாளும் கனகசிங்கம் தன் மிசினோடு அந்த வழியாகப் போய்வந்தார்.

தொண்ணூறில் ஷெல் விழத் தொடங்கியது. ஊர் கடற்கரைக்கு ஓடியது. கனகசிங்கம் லான்மாஸ்ரரோடு ஓடினார். அதை வள்ளத்தில் ஏற்ற வேண்டுமென்று கரையில் நின்று சண்டை பிடித்தார். கிழவர் ஒருவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏற வந்த ஒருவனின் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினார். கிழவரோடு அவன் தண்ணீருக்குள் விழுந்தான். வள்ளக்காரன் வள்ளம் தள்ளுகிற தாங்குகம்பால் கனகசிங்கத்தின் தலையில் ஓங்கி அடித்தான். கண்விழித்தபோது வள்ளத்தில் தவமணியின் மடியில் கிடந்தார். வாய்க்குள் உப்பும் இரத்தமும். பின்னால் கரையில் மிசின் தனியே நின்றது. அதற்குப் பக்கத்தில் ஷெல் விழுந்து மண் எழும்பியதைத் தவமணி பார்த்தாள். அவருக்குச் சொல்லவில்லை.

ரொறன்ரோவுக்கு அவர் தொண்ணூற்றொன்றில் வந்தார், தவமணி இரண்டு வருடம் கழித்து வந்தாள். பிள்ளைகள் இல்லை. ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ் பேஸ்மன்றில் குடியிருப்பு. தவமணிக்கு மஃபின் சுடுகிற பக்டரியில் பெட்டியில் அடுக்குகிற பக்கிங் வேலை. அவருக்குக் கோழி வெட்டுகிற இடத்தில் வேலை. உயிரோடு வருகிற கோழியின் இரண்டு காலையும் பிடித்துத் தலைகீழாகக் கொக்கியில் மாட்ட வேண்டும். நிமிடத்துக்கு இருபது. சிறகடித்து முகத்தில் அடிக்கும், கொத்தும், எலும்பு முறிகிற சத்தம் கேட்கும். வேறு ஆட்கள் மூன்று மாதம் நின்றுவிட்டு ஓடிவிடுவார்கள். கனகசிங்கம் ஆறு வருடம் நின்றார். அவர் கைக்கு அந்த வேலை ஒத்துவந்தது என்று தவமணி சிலவேளை நினைப்பாள், நினைத்துவிட்டுப் பயப்படுவாள்.

தொண்ணூற்றேழு வைகாசியில், ரொறன்ரோவில் இருந்த ஊர்ச்சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. சங்கத்தின் செயலாளர் கோகுலன், முப்பது வயது, தபாலகத்தில் வேலை. மில்லிக்கனில் ஒரு பிளாசாவின் பின்பக்க மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் அவன் அதை வாசித்தான். புளியடிவயலுக்கு முப்பத்தொரு குடும்பங்கள் திரும்பி வந்திருக்கின்றன. ஏழு வருடம் உழாத நிலம், எருக்கலைச் செடியும் பனை வடலியும் மண்டிக் கிடக்கிறது. உழ மாடு இல்லை. மண்வெட்டி இறங்காது. யாழ்ப்பாணத்திலிருந்து லான்மாஸ்ரர் பிடித்து ஒருமுறை உழுது தந்தால் போதும், விதைப்பதை நாங்கள் பார்த்துக்கொள்ளுவோம். அடியில் குடும்பங்களின் பெயர்கள். கடைசிப் பெயரைக் கோகுலன் அப்படியே வாசித்தான்:

"அருள்நாயகம் குடும்பம், ஆறு பரப்பு. எங்களைக் கடைசியில போட்டாலும் சரி. இப்படிக்கு, அ. றீற்றா."

கனகசிங்கம் எழும்பி வெளியே போனார். தவமணி பின்னால் போனபோது காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்டைக்கு மிசின் ஓடிக்கொண்டு நிண்டது," என்றாள் தவமணி. பதினொரு வருடமாக அவள் சொல்லாமல் வைத்திருந்த சொல் அது. "நான் குசினிக்குள்ள நிண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்."

"தெரியும்," என்றார் அவர்.

அடுத்த கிழமையிலிருந்து வேலை முடிந்து வந்ததும் கலண்டர்த் தாள்களின் பின்புறத்தில் கோடு கீறத் தொடங்கினார். கோழி இறகு வாசம் போகாத கையால் புளியடிவயலைத் துண்டு துண்டாக வரைந்தார். கல், சேறு, தூர்ந்த கிணறு, மிசின் திரும்புகிற இடம் எல்லாவற்றையும் குறித்தார். தாள்களை ஒட்டினபோது அது சாப்பாட்டு மேசையை மூடியது. கோகுலன் வந்து பார்த்துவிட்டு, "அண்ணை, இது இருந்தா ஊர் தெரியாத டிரைவரும் உழுவான்," என்றான்.

தெற்குப் பக்கம் மட்டும் வெறுமையாக விடப்பட்டது. அங்கே ஒரு மாடு மிதிவெடியில் செத்தது என்று றீற்றா அடுத்த கடிதத்தில் எழுதியிருந்தாள்.

சிக்கல் வேறு இடத்திலிருந்து வந்தது. முப்பத்தொரு குடும்பத்தில் பன்னிரண்டு குடும்பத்துக்குச் சொந்தக் காணி இல்லை. அவர்கள் பரம்பரையாகச் சண்முகநாதனின் எண்பது பரப்பில் குத்தகைக்கு விதைத்தவர்கள். சண்முகநாதன் இப்போது ரொறன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் புதுவீடு வாங்கியிருக்கிறார், சங்கத்தின் தலைவரும் அவர்தான்.

புரட்டாதி நடுவில், ஒரு ஞாயிறு பின்னேரம், அதே மண்டபத்தில் கூட்டம். மேசையில் படம் விரித்திருந்தது. சண்முகநாதன் தன் எண்பது பரப்பின்மேல் கையை வைத்தார்.

"இதில கலப்பை படக்கூடாது. இண்டைக்கு உழ விட்டா விதைப்பினம். விதைச்சா கொட்டில் போடுவினம். பிறகு ஆர் குடியெழுப்புறது?"

"ஏழு வருசமா எருக்கலை குடியிருக்குது," என்றார் கனகசிங்கம். "அதை எழுப்ப உங்களால ஏலுமெண்டால் போய் எழுப்புங்கோ."

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. சண்முகநாதனின் முகம் கறுத்தது.

"வரம்புக்காக ஒருத்தன்ர காலை வெட்டிப்போட்டு மறியலுக்குப் போனவன், எனக்குக் காணி ஞாயம் சொல்லுறான். கேட்டுக்கொண்டிருக்கிறியள் எல்லாரும்."

தவமணி மேசைக்குக் கீழே அவருடைய சேட்டு நுனியைப் பிடித்தாள். அவர் கை மடங்கி முட்டியானதை அவள் பார்த்தாள். ஆனால் அன்று அது எழும்பவில்லை.

"ஓம், நான்தான் வெட்டினனான்," என்றார் கனகசிங்கம். "அந்த மனிசன் இன்னும் நொண்டிக்கொண்டுதான் திரியுது. அதாலதான் சொல்லுறன். காணி எங்கயும் ஓடாது. சனம் இந்த மழையை விட்டால் இன்னும் ஒரு வருசம் பட்டினி."

கோகுலன் கை உயர்த்தச் சொன்னான். எண்பது பரப்பையும் சேர்த்து உழுவதென்று கைகள் உயர்ந்தன. சண்முகநாதன் கதிரையைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு வெளியே போனார். அவருடைய சகோதரியின் மகன்மார் இரண்டு பேர் கூடவே எழும்பிப் போனார்கள்.

கனகசிங்கமும் தவமணியும் கார் பார்க்கிங்குக்கு வந்தபோது வெயில் இருந்தது. மளிகைச் சாமான் பைகளோடு சனங்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். சண்முகநாதனின் மருமக்கள் இருவரும் காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் கையில் ஹொக்கி மட்டை. மற்றவன் சில்லு கழற்றுகிற இரும்பை எடுத்துக்கொண்டிருந்தான்.

முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது அடி காதில். ஹொக்கி மட்டை முறிந்து பாதி தெறித்துப் போய் ஒரு வான் வண்டியின் கண்ணாடியில் பட்டது. கனகசிங்கம் முழங்காலில் விழுந்தார். வயிற்றில் உதைத்தார்கள். முகத்தில் உதைத்தார்கள். ஒரு பல் தாரில் விழுந்ததை அவரே பார்த்தார். "மாமான்ர காணியைத் தொடுவியோ? தொடுவியோ?" என்று ஒருவன் ஒவ்வொரு உதைக்கும் கேட்டான். பைகளோடு வந்தவர்கள் பைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். யாரோ பொலிசைக் கூப்பிடு என்று கத்தினார்கள்.

இரும்பு ஓங்கியவனின் மணிக்கட்டைக் கனகசிங்கம் எப்படியோ பிடித்துவிட்டார். ஆறு வருடம் கோழிக்கால் பிடித்த பிடி அது. முறுக்கினார். அவன் அலறியபடி இரும்பை விட்டான். இப்போது இரும்பு கனகசிங்கத்தின் கையில். மட்டைக்காரன் முறிந்த துண்டையும் எறிந்துவிட்டு ஓடினான். கீழே கிடந்தவன் கையால் தலையை மறைத்துக்கொண்டு, "அங்கிள், வேண்டாம், அங்கிள்," என்றான்.

ஒரு காதில் சத்தமே இல்லை. கண்ணில் இரத்தம் வழிந்தது. அந்த நேரத்தில் அவர் மனதில் றீற்றா இல்லை, வயல் இல்லை, ஒன்றும் இல்லை. அவன் தலை மட்டும் இருந்தது. இரும்பை இரண்டு கையாலும் பின்னுக்கு ஓங்கினார்.

பின்னால் எதிலோ பட்டது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். தினமும் எட்டு மணித்தியாலம் கேட்கிற சத்தம்.

திரும்பினார். அவரைத் தடுக்கப் பின்னால் ஓடிவந்த தவமணி இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். விரல்களின் இடையால் இரத்தம் இறங்கி அவளுடைய வெள்ளைச் சப்பாத்தில் விழுந்தது. அவள் கத்தவில்லை. "இஞ்சேருங்கோ, அதைக் கீழ போடுங்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டு, நின்றபடியே சரிந்தாள்.

இடது கன்ன எலும்பு மூன்று இடத்தில் உடைந்திருந்தது. மூன்று தரம் வெட்டித் தைத்தார்கள். இடது கண்ணின் பார்வை திரும்பவில்லை.

மருமக்களையும் பிடித்தார்கள், கனகசிங்கத்தையும் பிடித்தார்கள். பிணை கிடைத்தபோது தவமணி இருக்கிற இடத்துக்குக் கிட்டவும் போகக்கூடாது என்று உத்தரவு. நகரத்தின் மறுகோடியில், ரெக்ஸ்டேலில், தன்னோடு வேலை செய்கிற ஒருவரின் வீட்டில், சலவை மிசினுக்குப் பக்கத்தில் ஒரு மெத்தை போட்டுப் படுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்க முடியாது. போன் பண்ண முடியாது. கோகுலன் வந்து சொன்னால்தான் தெரியும்.

"இடது கண்ணால ஒண்டும் தெரியேல்லையாம், அண்ணை."

கனகசிங்கம் எழும்பிப் போய்ச் சுவரில் தலையை முட்டினார். மூன்றாவது முட்டில் கோகுலன் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான். பிறகு இரண்டு பேரும் நிலத்தில் இருந்தார்கள்.

அங்கே உழவு நின்றுவிடவில்லை. மழைக்கு முன் சங்கத்தின் காசில் இரண்டு லான்மாஸ்ரர்களைப் படகில் ஏற்றினார்கள். நேவிக்காரர் டீசலுக்கு அனுமதி கொடுக்காமல் இரண்டு நாள் கரையில் மறித்து வைத்தார்கள். மூன்றாம் நாள் வயலில் இறங்கின. ஐப்பசி முடிவில் றீற்றாவின் கடிதம் கொழும்பு வழியாக வந்தது. கோகுலன் அதை ரெக்ஸ்டேலுக்குக் கொண்டுவந்து வாசித்தான்.

முதல் நாலு நாளில் பத்தொன்பது குடும்பத்துத் துண்டுகள் முடிந்தன. ஐந்தாம் நாள் சண்முகநாதனின் காணியில் மிசினின் பற்கள் மண்ணுக்குள் கிடந்த ஒரு வெடிக்காத ஷெல்லில் பட்டன. மிசின் குத்துக்கரணம் அடித்தது. டிரைவரின் தொடையில் இரும்பு பாய்ந்தது, அவரைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினார்கள். உயிர் தப்பிவிட்டது. மற்ற டிரைவர் அந்தக் காணிக்குள் இறங்க மாட்டேன் என்றுவிட்டார். மிச்சத்தைப் பன்னிரண்டு குடும்பமும் கம்பியால் குத்திக் குத்திப் பார்த்து, மண்வெட்டியால் கொத்தினார்கள்.

"நான் கீறின படத்தில அந்த இடத்தில ஒண்டும் போடேல்லை," என்றார் கனகசிங்கம்.

"அது உங்களுக்கு எப்பிடி அண்ணை தெரிஞ்சிருக்கும்?"

"நான்தானே உழச் சொல்லி நிண்டனான்."

கடிதத்தின் கடைசிப் பகுதியைக் கோகுலன் தயங்கித் தயங்கி வாசித்தான். 'படம் கீறி அனுப்பினவர் ஆர் எண்டு எழுத்தைப் பார்த்தே எனக்குத் தெரியும். எங்கட துண்டுக்கும் அவரின்ர துண்டுக்கும் இடையில இப்ப வரம்பு இல்லை. டிரைவர் சேர்த்தே உழுதிட்டார். இரண்டிலயும் நாங்கள்தான் விதைச்சிருக்கிறம். அவர் டீசல் இல்லையெண்டு சொன்னதை நான் மறக்கேல்லை, மறக்கவும் மாட்டன். என்ர மனிசன் மிசின் சத்தம் கேட்டு வந்து பொழுதுபடும்வரை வயல்கரையில கதிரை போட்டு இருந்தவர். அதைப் படம் கீறினவருக்குச் சொல்லவேணும் போல இருந்தது.'

கனகசிங்கம் கடிதத்தை வாங்கி மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். அழவில்லை. அன்று முழுக்கச் சாப்பிடவும் இல்லை.

வழக்கு மாசியில் வந்தது. தவமணி கண்ணில் வெள்ளைத் துணி ஒட்டியபடி வந்து, மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருக்கச் சாட்சி சொன்னாள். அவளை வேண்டுமென்று அடித்தாரா என்று கேட்டார்கள்.

"எனக்கு ஓங்கேல்லை," என்றாள். "ஆனா ஓங்கினது ஓங்கினதுதான். நான் குறுக்க வராட்டி அந்தப் பெடியன் செத்திருப்பான். இவரின்ர கைக்கு ஆரெண்டு தெரியாது."

கனகசிங்கத்தின் வழக்கறிஞர் தலையில் கைவைத்தார். கனகசிங்கம் அவளைப் பார்த்தார். திருமணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவரைப் பற்றி ஒருவர் இவ்வளவு சரியாகச் சொல்லி அவர் கேட்டதில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டார். நாலு மாதம் உள்ளே, இரண்டு வருடம் கண்காணிப்பு, கோபத்தை அடக்கப் பழகுகிற வகுப்பு, அந்த மண்டபத்துக்குள் காலடி வைக்கக்கூடாது என்று தீர்ப்பு. வகுப்பில் பாதி அவருக்கு விளங்கவில்லை. ஆனால் ஒருநாளும் தவறவிடவில்லை. கோழி வேலையை விட்டார். ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலைக்குப் போனார். கையில் உயிர் துடிக்கிற வேலை இனி வேண்டாம் என்று கோகுலனிடம் சொன்னாராம்.

சண்முகநாதன் தலைவர் பதவியை விட்டு விலகினார். அவருடைய காணியில் அந்த வருடம் விளைந்த நெல்லில் குத்தகைப் பங்கு என்று ஒரு மூட்டையை அந்தப் பன்னிரண்டு குடும்பமும் ஊர்க்கோயிலில் எடுத்து வைத்திருப்பதாகக் கடிதம் வந்தது. அவர் பதில் போடவில்லை. அவர்களைக் காணியிலிருந்து எழுப்பச் சொல்லவும் இல்லை.

உத்தரவு நீங்கிய பிறகும் தவமணி உடனே அவரை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. "பொறுங்கோ, எனக்குச் சரியெண்டு பட்டால் சொல்லுறன்," என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கும், தவணை நாட்களில் கண் டொக்டரிடமும் கூட்டிப்போகச் சொன்னாள். அப்போதும் காரின் பின்சீற்றில்தான் இருப்பாள். எட்டு மாதம் பின்சீற்றில் இருந்தாள். ஒருநாள் முன்கதவைத் திறந்து ஏறினாள். அவர் காரை எடுத்தார். அந்த மாதக் கடைசியில் அவருடைய உடுப்புப் பெட்டி ஸ்காபரோவுக்குத் திரும்பியது.

உழவு இரண்டாவது வருடமும் நடந்தது. காயப்பட்ட டிரைவரே, தொடையில் தழும்போடு, மீண்டும் மிசின் பிடித்தார். பக்கத்து ஊர் இரண்டும் தங்களையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருந்தன. கூட்டங்களில் இப்போது கோகுலனுக்குப் பக்கத்தில் இருந்து பெயர்களை வாசிப்பவள் தவமணி. தாளைத் தன் வலது கண்ணுக்கு நேரே சரித்துப் பிடித்துக்கொள்ளுவாள்.

தொண்ணூற்றொன்பது ஆவணிக் கூட்டத்தன்று கனகசிங்கம் மண்டபத்துக்கு எதிரே, தெருவைத் தாண்டி நிறுத்திய காரில் இருந்தார். ஒரு மணித்தியாலம் கழித்துத் தவமணி தெருவைக் கடந்து வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் ஒரு நீட்டுத் துண்டு. மிசின் எந்தப் பக்கத்தால இறங்கலாமெண்டு கேக்கினம்."

அவர் கண்ணை மூடி யோசித்தார். "கிழக்கால. மேற்கால போனாப் புதையும். ஆளை முதல் கம்பியோட இறங்கிக் குத்திப் பாக்கச் சொல்லு. அவசரப்பட வேண்டாமெண்டு சொல்லு."

"கிழக்கால," என்று தவமணி ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு, வாகனம் வருகிறதா என்று முகத்தை முழுதாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, மண்டபத்துக்குத் திரும்பிப் போனாள்.